சபரில் ஒரு பெருநாள்

வீட்டுத் தலைவர் கடல் கடந்திருக்கும் வீட்டில் பெருநாள் எப்படி வரும் என்பதை நம் கடலோர ஊர்களின் தாய்மாருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வட்டிலப்பம் வெந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் புத்தாடையில் நிற்பார்கள், அடுப்படியில் நிற்பவரின் கண் மட்டும் வாசற்படியில் இருக்கும். சபர் என்றால் நமக்குப் பயணம். சபுர் என்றால் பொறுமை. இரண்டையும் ஒன்றாகவே சுமந்து பழகிய வீடுகள் நம்முடையவை. ஆனால் சபரில் இருப்பவருக்குச் சபுர் மட்டும் போதுமா? ஷுக்ரும் வேண்டும் என்கிறது மார்க்கம். பொறுத்துக்கொள்வதைக் காட்டிலும் நன்றி செலுத்துவது கடினமாயிற்றே என்று சிலர் கேட்கலாம். எனக்கும் அது கடினமாகத்தான் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் துஆவைப் பாருங்கள். மனைவி ஹாஜர் அம்மையாரையும் பால்குடிப் பிள்ளை இஸ்மாயீலையும் பயிர் பச்சையற்ற பள்ளத்தாக்கில் குடியமர்த்திவிட்டு அவர்கள் கேட்ட துஆ, ஸூரத்து இப்ராஹீமில் (14:37) வருகிறது. தம் சந்ததியார் தொழுகையை நிலைநாட்ட வேண்டும் என்பதற்காகவே அங்கு விட்டதாக முதலில் முறையிடுகிறார்கள். பிறகு, மக்களில் சிலருடைய உள்ளங்களை அவர்கள்பால் சாயச் செய்யுமாறு கேட்கிறார்கள். அதற்கும் பிறகுதான் கனிவர்க்கங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் நன்றி செலுத்துவோராக ஆகவேண்டும் என்பதில் போய் அந்த துஆ முடிகிறது.

தண்ணீரில்லாத இடத்தில் நின்றுகொண்டு, உணவைக் கேட்பதற்கு முன்னால் மனிதர்களின் அன்பைக் கேட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்நிய ஊரில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வரிசையின் அருமை விளங்கும். சோறு எங்கும் கிடைக்கும்; "வாருங்கள்" என்று கூப்பிட ஒரு வாய் கிடைப்பதுதான் அரிது. நன்றி செலுத்தினால் மேலும் அதிகப்படுத்துவேன் என்ற இறைவாக்கும் இதே அத்தியாயத்தில்தான் (14:7) இருக்கிறது. மூஸா நபி (அலை) அவர்கள், ஃபிர்அவ்னின் கொடுமையிலிருந்து விடுபட்ட தம் சமூகத்தாருக்கு அதை எடுத்துரைத்தார்கள். ஆக, ஷுக்ரைப் பற்றிய இந்த இரு வசனங்களும் சொந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தவர்களைப் பற்றியவை அல்ல.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் சபுரையும் ஷுக்ரையும் ஒரே பாகத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஷுக்ர் என்பது அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்பது அவர்களின் விளக்கம். நிஃமத் யாரிடமிருந்து வந்தது என்று அறியவேண்டும். அதனால் உள்ளம் மகிழ வேண்டும். அந்த மகிழ்ச்சி உறுப்புகளில் வெளிப்பட வேண்டும். 'அல்ஹம்து லில்லாஹ்' என்று நாவால் சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதில் இந்த மூன்றில் எத்தனை இருக்கிறது என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

மார்க்கத்தைக் கற்பிக்க வெளியூர் அனுப்பப்பட்டவர்களில் முன்னோடி முஸ்அப் இப்னு உமைர் (ரலி). மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர். முதல் அகபா உடன்படிக்கைக்குப் பின் கி.பி. 621-ல் யத்ரிபுக்கு ஆசிரியராக அனுப்பப்பட்டு, அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) வீட்டில் தங்கினார்கள். மறு வருடம் ஹஜ் காலத்தில், எழுபதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் அங்கிருந்து அகபாவுக்கு வந்தனர். அவர்கள் ஷஹீதானது ஹிஜ்ரி 3-ல், உஹதுக் களத்தில். கஃபனுக்குக் கிடைத்தது ஒரே போர்வை. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிக் கால்மீது இத்கிர்ப் புல்லை இடும்படி ரசூலுல்லாஹ் (ஸல்) பணித்தார்கள்.

பல காலம் சென்றபின், தம் வணிகத்தால் பெருஞ்செல்வராகிவிட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) முன்னால் நோன்பு திறக்க உணவு கொண்டுவரப்பட்டது. தம்மைவிடச் சிறந்தவரான முஸ்அபின் கஃபனை நினைத்து அழத் தொடங்கியவர்கள், உணவையே தொடவில்லை என்று புகாரீயில் வருகிறது. அவர்களும் ஊரைவிட்டு வந்த முஹாஜிர்தான். தட்டில் இருப்பதைப் பார்த்தபோது, அது கிடைக்காமல் போனவர் நினைவுக்கு வந்தார்.

இனி என் கதை. 1979-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளின்போது நான் வட மலேசியாவில் ஒரு சிற்றூரில், நம்மவர் தொழுது வந்த ஒரு சுராவில் ஓதிக்கொடுக்கப் போயிருந்தேன். ஊரில் மனைவி நிறைமாதம். கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. ரமலானின் கடைசிப் பத்தில் ஷுக்ரைப் பற்றி உபந்நியாசம் செய்தேன்; எல்லோரும் அழுதார்கள். எனக்குக் கண் நனையவில்லை. உள்ளத்தில் அல்லாஹ்வின்மீதே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவனுடைய வேலைக்குத்தானே வந்தேன், இதுவா எனக்குக் கூலி என்று. அஸ்தக்ஃபிருல்லாஹ். வாயால் சொன்னதில்லை, எழுதுவதும் இதுவே முதல் தடவை.

பெருநாள் இரவு. சூரியன் மறைந்ததும் தக்பீர் தொடங்கிவிட்டோம். உணவுக்கடையில் பாத்திரம் கழுவும் பெரியவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். ஊர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"ஆலிம்சா, ஒரு சட்டம் கேக்கணும். என் பித்ராவ இங்கேயே அமீல்கிட்ட கட்டிட்டேன். ஊட்டுல உள்ளவங்க பித்ராவையும் இங்கேயே கட்டணுமா, ஊர்லதான் அளக்கணுமா?"

ஷாஃபிஈ மத்ஹபின்படி, யாருக்காக ஃபித்ரா கொடுக்கப்படுகிறதோ அவர் இருக்கும் ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்றேன். கொடுக்கும் பொறுப்பு கணவருடையது. ஆனால் மனைவி மக்களுக்கான அரிசி அவர்களுடைய ஊர் ஏழைகளுக்குப் போகவேண்டும். வேறொருவரை வக்கீலாக்கி அளக்கச் சொல்லலாம். ரமலானின் தொடக்கத்திலிருந்தே கொடுத்துவிடவும் இடமுண்டு. தலைக்கு ஒரு ஸாவு. சுமார் இரண்டரைக் கிலோ என்று நம் ஆலிம்கள் கணக்குச் சொல்வார்கள்.

பெரியவர் முகம் மலர்ந்தது. "அப்பச் சரி. பதினஞ்சாம் நோம்புக்கே மச்சானுக்குப் பணம் அனுப்பி, அஞ்சு பேருக்கு அளக்கச் சொல்லிட்டேன். சந்தேகம் வந்துட்டு, அதான் கேட்டேன்." எழுந்தவர் வாசலில் நின்றார். "எங்கூட இருக்குற ஒரு பையனுக்கு யாருமே இல்ல, ஆலிம்சா. தன் தலைக்கு மட்டும் கட்டிட்டு வந்து படுத்துட்டான். எனக்கு அளக்குறதுக்கு அஞ்சு பேரத் தந்திருக்கானே அல்லாஹ்!"

எத்தனையோ தடவை நான் பாடம் நடத்திய மஸ்அலா அது. யார் யாருக்காக ஃபித்ரா கடமையாகும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறேன். அந்த எண்ணிக்கையே ஒரு நிஃமத் என்று என் புத்தியில் பட்டதில்லை. நான் அளக்கச் சொல்லிவிட்டு வந்த தலைகளை அன்றிரவு எண்ணினேன்: உம்மா, மனைவி, மூத்தவள். இன்னொன்றும் பிறந்திருந்தால் நான்கு.

காலையில் தொழுகை முடிந்ததும் பக்கத்து மலாய் வீட்டார் என்னையும் அந்தப் பையனையும் கையைப் பிடித்து அழைத்துப்போனார்கள். கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் வைத்தார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்குமாறு ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது அவர்கள் பெருநாள் வழக்கம். அந்த வீட்டு முதியவர் என்னிடமும் கேட்டார். நான் யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும்.

பெருநாள் கழிந்து ஆறாம் நாள் கடிதம் வந்தது. ஆண் பிள்ளை, தாயும் சேயும் சுகம். புதிதாக ஒரு நிஃமத் கிடைத்தால் ஷுக்ருடைய ஸஜ்தா செய்வது ஸுன்னத். அதற்கு ஒளுவும் கிப்லாவும் வேண்டும். துன்பத்தில் இருப்பவரின் மனம் நோகும்படி அவர் முன்னால் அதைச் செய்யக்கூடாது என்றும் நம் ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கூடத்தில் அந்தப் பையன் இருந்தான். அவனுக்குக் கடிதம் எழுத எவருமில்லை. நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸஜ்தாவில் விழுந்தேன்.

பிறகு வெளியே வந்து, ஊருக்குப் பதில் எழுத அவனையே காகிதம் வாங்கிவரச் சொன்னேன். கடிதத்தின் அடியில் தன் ஸலாமையும் எழுதச் சொன்னான். அடுத்த கடிதத்தில் என் உம்மா அவனுக்குத் தனியாக நான்கு வரி எழுதியிருந்தார்கள்.