வெட்பாலையும் தேங்காய் எண்ணெயும்

அன்புள்ள கண்மணிக்கு,

தேங்காய் எண்ணெயில் எலுமிச்சைச் சாறும் கற்றாழைச் சோறும் கலந்து முகத்துக்கென்று ஒரு குப்பி நிறைய வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கடையில் வாங்காமல் நீயே செய்து பார்க்க நினைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் குப்பியை மட்டும் இன்றே கொட்டிவிடு.

எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் கறுத்துப்போகும். சிலருக்குக் கொப்புளமே வரும். படப்பை வெயிலில் பள்ளிக்கு நடக்கிற பெண்ணுக்கு அது ஆகவே ஆகாது. கற்றாழையோ பெரும்பாலும் தண்ணீர். தனி எண்ணெயில் கிருமி எளிதில் வளராது. தண்ணீர் சேர்ந்துவிட்டால் வளரும். கடை கிரீம்களில் பதப்படுத்தும் பொருள் சேர்ப்பது அதற்காகத்தான். கற்றாழை பூச ஆசையென்றால் அன்றன்று வெட்டிப் பூசிக் கழுவிவிடு, குப்பியில் அடைக்காதே.

எண்ணெயில் ஈரம் கிடையாது. தோலில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் பறந்துபோகாமல் காப்பதுதான் அதன் வேலை. அதனால் காய்ந்த தோலில் அள்ளித் தேய்ப்பதைவிட, குளித்துத் துவட்டியதும் உடம்பில் ஈரப்பசை இருக்கும்போதே நாலைந்து சொட்டு தடவுவது மேல். பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒரே அளவு பலன் தந்தன. அந்த அளவுக்கு நம் எண்ணெயை நம்பலாம். நிறத்தை வெளுக்கச் செய்யும் என்று எவர் சொன்னாலும் நம்பாதே. உன் நிறத்தில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை.

உன் வயதில் பரு வரும். அப்போது முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். கை கால்களுக்குப் போதும். தலையில் பொடுகு இருந்தால் இரவெல்லாம் எண்ணெய் ஊற வைக்காதே. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது.

நல்லெண்ணெய் தடவுவதானால் இதைக் கவனி: மரச்செக்கில் அதை ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள். வாங்கி வந்தவுடன் கலங்கலாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஈரமில்லாத கண்ணாடிக் குப்பியில் இறுத்துக்கொள். கசடோடு விட்டால் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், அதைத் தோலில் தடவக் கூடாது. சின்னக் குப்பியாக வாங்கி, வாங்கிய தேதியை ஒட்டி வை. விளக்கெண்ணெய் மிகவும் பிசுக்கு. உதட்டுக்கும் வெடித்த குதிகாலுக்கும் ஒரு துளி போதும். எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வெட்பாலை இலையைப் பறித்துக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள், அடுப்பே வேண்டாம். சில நாளில் எண்ணெய் செவ்வூதாவாக மாறும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயமே எடுத்திருக்கிறார்கள். சித்த மருத்துவர்கள் இந்தத் தைலத்தைக் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சோரியாசிஸுக்குத் தருகிறார்கள். நிறம் மாறுவதைப் பார்க்க நீயும் செய்யலாம். ஆனால் இது மருந்து. வீட்டில் யாருக்காவது செதில் செதிலாகத் தோல் உரிந்தால் நீயாகத் தடவிவிடாதே. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, 2005-ல் திறந்தது. உங்களுக்குத் தூரமில்லை. அங்கே அழைத்துப் போய்க் காட்டு.

வேப்பெண்ணெய் பற்றியும் கேட்டிருந்தாய். அதைத் தோலோடு நிறுத்திக்கொள், அதுவும் வேறு எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து. பாப்பாவுக்குச் சளி, வயிற்றுக் கோளாறு என்று யாராவது அதைப் புகட்ட வந்தால், பெரியவர்களானாலும் தடுத்துவிடு. 1981-ல் மலேசிய மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள்: வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு எல்லாம் வந்திருக்கின்றன. இந்தக் கடிதத்தை அம்மாவிடமும் காட்டு.

அன்புடன்,
உன் சித்தி