ஒன்பதாவது படம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் உன் சித்தப்பா பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தபோது, நீ எழுதிய பன்னிரண்டு பக்கக் குறிப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தைப்பூசத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கையில் உன் ஸ்க்ரோல் சாவின் மோட்டர் அலற ஆரம்பித்தது, காவடிக்கு வெட்ட வேண்டிய பலகை மயில்கள் பாதியில் நின்றது, நீயே மோட்டரைக் கழற்றி இரண்டு பேரிங்கையும் மாற்றியது எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு முறை முழுதாகப் படித்தேன். மூன்றாவது முறை பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தேன். ஒன்பதாவது படத்தில் கண் நின்றது. அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை எப்படி இறக்குவது, மூடியிலும் உடலிலும் எங்கே அடையாளக் கோடு போடுவது, பேரிங்கில் 6201 என்றால் என்ன அளவு, இதையெல்லாம் உனக்கு நான் சொல்லப்போவதில்லை. உனக்குத் தெரியும். மூடியின் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருந்த அலை வாஷரைக்கூட நீ தவறவிடவில்லை. நாற்பது வருடம் மோட்டர் கழற்றியவர்களே அதைக் கிரீஸோடு சேர்த்துத் துடைத்து எறிந்துவிட்டு, 'புது பேரிங் போட்டும் சத்தம் போகவில்லையே' என்று வந்து நிற்பார்கள். நீ அதைக் கழுவி, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறாய்.

ஒன்பதாவது படத்துக்கு வருகிறேன். ரோட்டர் நிமிர்ந்து நிற்கிறது. ஷாஃப்டின் தலையில் புது பேரிங் பாதி இறங்கியிருக்கிறது. அதன்மேல் ஒரு சாக்கெட் தலை, பக்கத்தில் சுத்தியல். கீழே 'இரண்டு தட்டு, உட்கார்ந்துவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். தம்பி, அந்த சாக்கெட் எதன்மேல் நிற்கிறது என்று பார். வெளிவளையத்தின்மேல் நிற்கிறது. ஷாஃப்டை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பது உள்வளையம். நீ வெளியே அடித்த அடி உள்ளே போக ஒரே வழிதான் உண்டு, நடுவில் இருக்கும் ஏழு குண்டுகள். ஒவ்வொரு குண்டும் அதன் தடத்தை ஊசிமுனை போன்ற இடத்தில்தான் தொடுகிறது. அந்த ஏழு இடத்திலும் உன் இரண்டு அடியும் குழி போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத குழி. ஆனால் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டரில் குண்டுகள் அந்தக் குழிகளின் மேல்தான் ஓயாமல் ஓட வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கே, பெட்டியைப் பிரித்த அரை மணி நேரத்தில், அந்தப் பேரிங்கின் ஆயுளில் பாதியை நீ எடுத்துவிட்டாய்.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தைத் தள்ள வேண்டும். மூடியின் குழிக்குள் இறக்கும்போது வெளிவளையத்தைத் தள்ள வேண்டும். எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கம்தான் கை. இதுகூட உனக்குத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஏழாவது பக்கத்தில் நீயே இதை எழுதியும் இருக்கிறாய். தெரிந்திருந்தும், பொருத்தமான குழாய்த் துண்டு கிடைக்கவில்லை, மயில்கள் காத்திருந்தன, கையில் கிடைத்ததை வைத்து அடித்தாய். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

இன்னொன்று பதினோராம் பக்கத்தில், ஒரே வரி. பழைய பேரிங் இரண்டையும் குப்பையில் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். எது முன்பக்கத்தது, எது பின்பக்கத்தது என்றுகூடக் குறித்து வைக்கவில்லை.

நான் 1968இல், பதினைந்து வயதில், பிரிக்ஃபீல்ட்ஸில் மோட்டர் காயில் கட்டும் ஒரு கடையில் சேர்ந்தேன். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. இன்றைக்கு கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் நிற்கிற இடம் முழுவதும் அப்போது ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு. ராத்திரி முழுக்கப் பெட்டியோடு பெட்டி மோதும் சத்தம் எங்கள் படுக்கைவரை வரும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைத் தண்டவாளத்து ஓரமாகக் கூட்டிப்போவார். நிற்கும் சரக்குப் பெட்டிகளின் அச்சுப் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போனது, அதற்குச் சூடு தெரியாது என்பார். எண்ணெய் வற்றிய அச்சு எது என்று, மூடியைத் திறக்காமலே அவருக்குத் தெரியும். எனக்கு பேரிங்கின்மேல் வந்த பைத்தியம் அங்கேயிருந்து வந்தது.

கடையில் என் முதலாளி அதிகம் பேசமாட்டார். ஒரு பேரிங் கெட்டு வந்தால் முதலில் அதைப் பிரிப்பார். புதியது வாங்க ஆளை அனுப்புவது அதற்கு அப்புறம்தான். பக்கத்துத் தகட்டு மூடிகளை நெம்பி எடுப்பார். கூண்டின் ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பார். கூண்டு போனதும் குண்டுகளையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி, உள்வளையத்தை எதிர்ப் பக்கம் நகர்த்துவார். அது தானாகக் கையில் வந்து விழும். தொழிற்சாலையில் எப்படிக் கோத்தார்களோ, அதே வழியில் திரும்பி வருகிறது. பிறகு மண்ணெண்ணெயில் கழுவி, வாசல் வெளிச்சத்தில் வைத்து, தடத்தைப் படிப்பார். படிப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். குண்டுகளுக்கு இடையே இருக்கும் அதே இடைவெளியில் சம தூரத்தில் குழிகள் இருந்தால், யாரோ சுத்தியலால் ஏற்றியிருக்கிறான். சலவைப் பலகையின் வரி மாதிரி நெருக்கமான கோடுகள் இருந்தால், ஷாஃப்ட் வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தால் காய்ந்து ஓடியிருக்கிறது.

ஒருமுறை கிள்ளானில், காப்பார் ரோட்டில் ஒரு பலகை மில்லிலிருந்து தூசி உறிஞ்சும் விசிறியின் மோட்டர் நான்கு மாதத்தில் இரண்டாவது முறை வந்தது. மில் சொந்தக்காரரான தவ்கே, பேரிங் போலி என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். என் முதலாளி பிரித்துப் பார்த்தார். வெளிவளையத்தில் குண்டு ஓடிய தடம் நேராக இல்லை, சாய்வாக, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி ஓடியிருந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு பஸ் ஏறினார். மோட்டரின் நான்கு கால்களில் ஒன்று தளத்தைத் தொடவே இல்லை. போல்ட்டை முறுக்கி இறுக்கியதில் மோட்டரின் உடலே திருகிக்கொண்டு நின்றது. ஒரு பால் டின்னை வெட்டி, தகரத் துண்டை அந்தக் காலுக்குக் கீழே வைத்தார். அந்த மோட்டர் அதற்கப்புறம் எங்கள் கடைக்கு வரவில்லை.

நூறு வருடத்துக்கும் முன்னால் சுவீடனில் ஒருவர் செய்ததும் இதுதான். கோதன்பர்க் நகரத்து நெசவாலையில் ஸ்வென் விங்குவிஸ்ட் என்ற பொறியாளர் இருந்தார். ஆலை களிமண் தரையில் நின்றது. தரை அசைய அசைய நீண்ட ஷாஃப்டுகள் கோணின, பேரிங்குகள் உடைந்தபடி இருந்தன. அவர் புதிது புதிதாக வாங்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஏன் உடைகிறது என்று கேட்டார். 1907இல், ஷாஃப்ட் கோணினாலும் தானே சரிந்துகொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் தொடங்கிய எஸ்.கே.எஃப் நிறுவனத்தின் பெயரை நீ பெட்டிகளில் பார்க்கிறாய்.

உன் பழைய பேரிங்குகள் என்ன சொல்லியிருக்கும்? ஆறாவது படத்தை வைத்து ஓரளவு ஊகிக்கிறேன். முன் மூடியைச் சுற்றிப் பழுப்பாகக் களி மாதிரி ஒட்டியிருக்கிறது. கிரீஸும் மரத்தூளும் சேர்ந்தது. உன் இயந்திரத்தின் முன்பக்க பேரிங்தான் மையம் விலகிய வட்டின் ஆட்டத்தையும் தாங்குகிறது, வெட்டும் மேசையிலிருந்து விழும் தூளையும் தின்கிறது. எம்.டி.எஃப் தூள் மைதா மாவைப் போல நைசானது. தகட்டு மூடி போட்ட பேரிங்கில் மயிரிழை இடைவெளி எப்போதும் உண்டு, மாவு அதன் வழியாகப் போய்விடும். நீயோ திரும்பவும் ZZ என்று வாங்கியிருக்கிறாய். ரப்பர் மூடி போட்ட 2RS வாங்கியிருக்க வேண்டும். பழையதைப் பிரித்து உள்ளே இருந்த களியை விரலால் தொட்டிருந்தால், கடைக்காரனிடம் நீயே அதைக் கேட்டிருப்பாய்.

இதைவிட என்னை வருத்தியது வேறு. நீ குப்பையில் போட்டது பழைய 6201. அதைப் பிரித்தால் உனக்குக் கிடைப்பது என்ன? ஒரு உள்வளையம். 12 மில்லி துளை, சரியான பருமன், கடினப்படுத்திய எஃகு. துளையை எமரித் தாளில் கொஞ்சம் தேய்த்து ஷாஃப்டில் தளர்வாக இறங்கும்படி செய்துவிட்டால், புது 6201ஐ ஏற்ற அதைவிடப் பொருத்தமான கருவி எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்காது. புதிய பேரிங்கின் உள்வளையத்தின்மேல் மட்டும் உட்காரும், வேறெதையும் தொடாது. நீ பொருத்தமான குழாய் இல்லை என்று ஏழாம் பக்கத்தில் புலம்பியபோது, அது உன் காலடியில், அழுக்கோடு, கிடந்தது.

என் முதலாளி கடையில் ஒரு கம்பியில் பழைய உள்வளையங்களைக் கோத்து மாட்டியிருப்பார். 608இலிருந்து 6206 வரை, வரிசையாக. மாலை மாதிரி தொங்கும். ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் சாயங்காலப் பூஜை மணி அடிக்கும் நேரத்தில், கதவை இழுத்துச் சாத்தினால் அந்த வளையங்களும் சேர்ந்து ஒலிக்கும். அவர் கடையை மூடிய நாளில் எனக்குச் சம்பள பாக்கியோடு அந்தக் கம்பியையும் கொடுத்தார்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்த வளையம் கடினமானது, அதனால் நொறுங்கக்கூடியது. அதன்மேல் நேராக இரும்புச் சுத்தியலால் அடிக்காதே. செதில் தெறித்தால் கண் போய்விடும். மேலே ஒரு பித்தளைத் துண்டை வைத்து, வைஸில் மெதுவாக அழுத்து. ரோட்டரை ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வைத்தால் ஷாஃப்ட் சுருங்கி எளிதாக ஏறும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நம் ஊர்க் காற்றில் வெளியே எடுத்த மறுநிமிடம் அது வியர்க்கும். துடைத்து எண்ணெய் தடவாமல் ஏற்றினால் துருவையும் சேர்த்து ஏற்றுகிறாய்.

இன்னும் ஒன்று சொல்லாமல் கடிதத்தை முடிக்க மனமில்லை. இரண்டாம் பக்கத்தில், மோட்டரைத் திறப்பதற்கு முன் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்ததை எழுதியிருக்கிறாய். சோற்றில் ஒரு கல் பல்லில் கடிபட்டதுபோல விரலில் நெருடியது என்று எழுதியிருக்கிறாய். தம்பி, கெட்ட பேரிங் விரலுக்கு எப்படித் தெரியும் என்று ஐம்பது வருடமாக எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றிருக்கிறேன். இந்த வாக்கியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. படித்ததும் என் ஆள்காட்டி விரலில் அந்த நெருடலை உணர்ந்தேன். இவ்வளவு நுட்பமாகத் தொட்டுப் பார்க்கத் தெரிந்த விரல்கள் உனக்கு இருக்கின்றன. பத்துமலையில் கூட்டத்துக்கு நடுவே உன் மயில்கள் போனதைப் பார்த்தவர்கள், இறகின் விளிம்பில் ஓரிடத்திலும் பிசிறு இல்லை என்றார்கள். நம்புகிறேன்.

நீ இரண்டு அடி அடித்த பேரிங் சில மாதத்தில் சத்தம் கொடுக்கும். கொடுக்கும்போது மாற்று, தூக்கிப் போடாதே. எண்ணெய்த் தாளில் சுற்றி, 'முன்', 'பின்' என்று எழுதி, பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டு வா. மதியத்தில் வா, வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கும். மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். கம்பியிலிருந்து கழற்றிய 6201 வளையம். துளையை அன்றைக்கே என் முதலாளி தேய்த்துவைத்துவிட்டார். அப்படியே ஷாஃப்டில் இறங்கும்.

அன்புடன்,
உன் பெரியப்பா முறை