வண்டி நின்றால் வேலையும் நிற்கணுமா?



எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் பஸ் நகராது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. ஆனாலும் மீன் கூடையோடு போகிறவர்களுக்கு அது தோதுப்படாது.

காசிமேட்டில் மீன் எடுப்பவர்கள் தாமதத்தையும் சேர்த்தே ஐஸ் வாங்குங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது கணக்கு. கட்டியாகப் போடாமல் உடைத்து, அடியில் ஒரு அடுக்கு, அதன்மேல் மீன், மேலே மறுபடி ஐஸ். உருகிய தண்ணீர் வடிய வழி இருக்கணும். அதிலேயே ஊறினால் மீன் சீக்கிரம் கெடும். ஐஸில் பத்து ரூபாய் மிச்சம் பிடிச்சா முதலே போயிடும்.

குழு வேலையாகப் போகிறவர்கள், வண்டி நிற்கும்போது ரொக்கப் புத்தகத்தை எடுங்கள். சேமிப்பும் கடன் தவணையும் உறுப்பினர் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஊக்குநருக்கு மட்டுமே கணக்கு தெரிந்த குழுக்கள் நம்மில் நிறைய; பக்கத்தில் இருப்பவரைக் கூட்டச் சொல்லுங்கள். பணத்தை மட்டும் பஸ்ஸில் எண்ணாதீர்கள்.

தாமதம் என்று தெரிந்ததும் போன் போடுங்கள்: "அக்கா, டோல்கேட்ல மாட்டிக்கிட்டோம். சேமிப்பை வாங்க ஆரம்பிங்க. கடன் தீர்மானத்தை மட்டும் நாங்க வந்த பிறகு எழுதுங்க."