மணலில் ஒரு பொறுமைசாலி

அன்புள்ள கயலுக்கு,

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலுக்கு நடுவே தேன் நிறத்தில் மின்னும் மணிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது மோனசைட். அதிலுள்ள தோரியம்தான் கதிர்வீச்சுக்கு முக்கியக் காரணம். பெட்ரோமாக்ஸ் மேண்டில் அப்படிப் பளீரென்று எரிந்ததும் இதே தோரியத்தால்தான். கருமணலில் இருக்கும் இரும்புக்கும் டைட்டானியத்துக்கும் இல்லாத குணம் தோரியத்துக்கு மட்டும் ஏன் என்கிறாய். நல்ல கேள்வி. அணு எண் 83-ஐத் தாண்டினால் கதிரியக்கம் என்று மனப்பாடம் செய்வது இதற்கு விடையாகாது.

அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான்கள் எல்லாமே நேர்மின்சுமை கொண்டவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சிதறவிடாமல் பிடித்திருப்பது அணுக்கரு விசை. மிக வலிய விசைதான், ஆனால் எட்டும் தூரம் குறைவு. ஒட்டியிருக்கும் துகளை மட்டுமே பிடிக்கும். மின்விலக்கலோ கருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எட்டும். ஆகவே கரு பெருக்கப் பெருக்கத் தள்ளுவது ஏறிக்கொண்டே போகிறது. பிடிப்பு அந்த வேகத்தில் ஏறுவதில்லை.

இங்கேதான் நியூட்ரான் உதவுகிறது. அது பிடிக்கும், தள்ளாது. கார்பனுக்கு 6 புரோட்டானுக்கு 6 நியூட்ரான் போதும். காரீயம்-208-இல் 82 புரோட்டானுக்கு 126 வேண்டியிருக்கிறது. தோரியத்தில் 90-க்கு 142 இருந்தும் கட்டுக்கு அடங்கவில்லை. இன்னும் நியூட்ரானைத் திணித்தால் என்ன என்று கேட்பாய். அளவுக்கு மிஞ்சினால் நியூட்ரானே புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரானை, அதாவது பீட்டா துகளை, வெளியே வீசும். 8 நியூட்ரான் கொண்ட கார்பன்-14 செய்வது இதைத்தான்.

தோரியம் இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் சேர்ந்த ஆல்ஃபா துகளை வெளியேற்றுகிறது. பழைய இயற்பியல் கணக்குப்படி அந்தத் துகளுக்கு வெளியே வரும் ஆற்றலே கிடையாது. குவாண்டம் விதிப்படி மிகச் சிறிய வாய்ப்பு உண்டு என்று 1928-இல் ஜார்ஜ் காமோவ் காட்டினார். அந்த வாய்ப்பு எவ்வளவு சிறியது தெரியுமா? தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் உடைய ஆகும் காலம், ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு. பூமிக்கே வயது சுமார் 450 கோடிதான். ஆனாலும் ஒரு கிராம் தோரியத்தில் அணுக்கள் கணக்கற்றவை என்பதால் நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் உடைகின்றன. எந்த அணு, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அணுவுக்கு முதுமை கிடையாது. நேற்று உடையாதது இன்று உடைய, வாய்ப்பு கொஞ்சமும் கூடுவதில்லை. எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான். உடைந்த அணு 6 ஆல்ஃபா, 4 பீட்டா என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் காரீயம்-208 ஆகி அடங்குகிறது.

உன் உடம்பிலும் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க அணு உண்டு. அதில் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டுமே ஒற்றைப்படை. இவ்வளவு சிறிய கரு ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்து, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சித்தப்பா