பாவனை விமானத்தில் பார்வைப் புலம்

விமானம் ஓட்டக் கற்போர் முதலில் ஏறி அமர்வது பெரும்பாலும் பறக்கும் விமானத்தில் அன்று. தரையில் நிலையாக நிற்கும் ஒரு பொறியிலாகும். விமானியின் அறையைப் போலவே அமைத்து, முன்னால் திரை வைத்து, பறத்தலைப் போலிசெய்து காட்டும் அப்பொறியைப் பாவனை விமானம் என்பர். சிமுலேட்டர் என்னும் பெயரே வழக்கில் மிகுதி. இத்தகைய பொறியின் திரையில் தோன்றும் உலகம், மெய்யான விமானத்திலிருந்து காணும் உலகத்தின் அளவிலேயே தோன்ற வேண்டும் என்பது அடிப்படை விதி. இவ்விதி பிழைத்தால் என்ன நேரும், அதனைக் காக்கும் வழி யாது என்பனவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வாழும் மாணவர்க்கு இப்பொருள் அந்நியமானதன்று. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் இந்திய விமானப்படையின் தளம் உள்ளது. 2016 ஜூலை 1-இல் பெங்களூரில் தேஜஸ் போர் விமானங்களுடன் அமைக்கப்பட்ட 45-ஆம் படைப்பிரிவு, 2018-இல் இத்தளத்திற்கு வந்தது. 2020 மே 27-இல் 18-ஆம் படைப்பிரிவும் அதே வகை விமானங்களுடன் இங்கேயே மீண்டும் தொடங்கப்பெற்றது. தேஜஸ் முதன்முதல் பறந்தது 2001 ஜனவரி 4-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அதன் கட்டுப்பாட்டு விதிகள் பெங்களூரிலுள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்திலும் வானூர்தி வளர்ச்சி நிறுவனத்திலும் பாவனைப் பொறிகளில் ஆராயப்பட்டன. சோதனை விமானிகள் மெய்யான விமானத்தில் ஏறுமுன் இப்பொறிகளில் அமர்ந்து அதனை ஓட்டிப் பார்த்தனர்.

பார்வைப் புலம் என்பது யாது?

கண்ணை அசைக்காமல் ஒரு நேரத்தில் காணக்கூடிய பரப்பைப் பார்வைப் புலம் என்கிறோம். இதனைக் கோணத்தால் அளப்பது வழக்கம். நேராக நோக்கும் மனிதனின் ஒவ்வொரு கண்ணும் வெளிப்புறமாகச் சுமார் 100 பாகையும், மூக்கின் பக்கமாகச் சுமார் 60 பாகையும் காண்கிறது. ஆகவே இரு கண்களும் சேர்ந்து கிடையாக ஏறத்தாழ 200 பாகையைக் காண்கின்றன. அதில் நடுவிலுள்ள 120 பாகை இரு கண்களுக்கும் பொதுவானது. மேலும் கீழுமாக ஏறத்தாழ 135 பாகை தெரிகிறது.

ஆயினும் இப்பரப்பு முழுவதும் ஒரே தெளிவுடன் தோன்றுவதில்லை. நடுவிலுள்ள 2 பாகை மட்டுமே மிகத் தெளிவாகத் தெரியும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரலின் அகலம் இந்த அளவாகும். ஓரங்களில் உருவம் மங்கலாகத் தெரிந்தாலும் அசைவு நன்கு புலப்படும். விமானி வேகத்தையும் சாய்வையும் உணர்வது பெரிதும் இந்த ஓரப் பார்வையால்தான். எதிரி விமானத்தை இனங்காண்பது நடுப் பார்வையால். ஆகவே போர் விமானப் பாவனைக்கு இரண்டுமே இன்றியமையாதவை.

சாளரம் கற்பிக்கும் பாடம்

பாவனை விமானத்தின் திரையை ஒரு சாளரமாகக் கருதினால் விதி எளிதில் விளங்கும். மூணாற்றுப் பள்ளத்தாக்கிலோ, சித்தூர் வட்டத்துச் சமவெளியிலோ, தொலைவில் மலை தெரியும் கண்ணாடிச் சாளரம் உள்ள வகுப்பறையில் இச்சோதனையைச் செய்யலாம்.

ஒரு மாணவன் கண்ணாடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொள்ளட்டும். தொலைவிலுள்ள இரு சிகரங்கள் கண்ணாடியில் எங்கெங்கே தோன்றுகின்றனவோ அங்கெல்லாம் அவன் சொல்ல, மற்றொருவன் சோப்புக் கட்டியால் புள்ளியிடட்டும். பிறகு முதல் மாணவன் 30 செ.மீ. தூரத்திற்கு நெருங்கி மீண்டும் அதையே செய்யட்டும். இரண்டாம் முறை இட்ட புள்ளிகளின் இடைவெளி முதல்முறையினதில் பாதியாக இருக்கும். மலை மாறவில்லை, அது கண்ணில் அமைக்கும் கோணமும் மாறவில்லை. மாறியது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரமே.

இதனின்றும் பெறப்படும் உண்மை யாதெனில், கண்ணாடியில் வரைந்த படம் ஒவ்வொன்றும் அது வரையப்பட்ட தூரத்திலிருந்து நோக்கும் கண்ணுக்கே சரியானதாகும். 30 செ.மீ. தூரத்தில் நின்று வரைந்த படத்தை 60 செ.மீ. தூரத்தில் நின்று பார்த்தால், சிகரங்களின் இடைவெளி பாதியாகச் சுருங்கித் தெரியும். பாவனை விமானத்தின் பார்வைப் புலத்தில் நேரும் பிழை முழுவதும் இச்சோதனையில் அடங்கியுள்ளது.

கணக்கு

திரையின் அகலத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை டேஞ்சண்டாக உடைய கோணத்தைக் கண்டு, அதை இரட்டித்தால் திரை கண்ணில் அமைக்கும் கோணம் கிடைக்கும். திரையில் காட்டும் காட்சியின் கோணமும் இதற்குச் சமமாயிருத்தல் வேண்டும். 60 செ.மீ. அகலமும் 34 செ.மீ. உயரமும் உள்ள சாதாரணக் கணினித் திரைக்குக் கிடைக்கும் கிடைக் கோணங்கள் வருமாறு:

40 செ.மீ. தூரத்தில் 73.7 பாகை
50 செ.மீ. தூரத்தில் 61.9 பாகை
60 செ.மீ. தூரத்தில் 53.1 பாகை
75 செ.மீ. தூரத்தில் 43.6 பாகை
90 செ.மீ. தூரத்தில் 36.9 பாகை

60 செ.மீ. தூரத்தில் அமர்பவர்க்கு உரிய புலம் 53 பாகை மட்டுமே. இது குறுகியதாகத் தோன்றுவதால், பலர் கணினியில் 90 பாகைக் காட்சியை அமைத்துக்கொள்கின்றனர். 90 பாகைக் காட்சிக்கு உரிய தூரம் 30 செ.மீ. அவர்கள் அமர்ந்திருப்பதோ அதன் இரு மடங்கு தூரத்தில். ஆகவே திரையின் நடுவிலுள்ள பொருள் யாவும் பாதி அளவாகச் சுருங்குகின்றன. 2 கி.மீ. தொலைவிலுள்ள விமானம், 4 கி.மீ. தொலைவில் உள்ளதுபோல் தோன்றுகிறது.

பிழையால் விளையும் தீங்கு

விளையாட்டுக்காகத் திரைமுன் அமர்வோர்க்கு இது பெரிய இழப்பன்று. பயிற்சிக்காக அமர்வோர்க்கோ இது உயிர் பற்றிய செய்தி. தவறான அளவில் பழகிய கண் அப்பழக்கத்தை மெய்யான விமானத்திற்கும் எடுத்துச் செல்லும்.

முதலாவது, தொலைவு பற்றிய மதிப்பீடு பிழைபடும். ஓடுதளம் சுருங்கித் தோன்றினால், அது இன்னும் தொலைவில் உள்ளதாக விமானி எண்ணக்கூடும். தரையிறங்கும்போது மூக்கை உயர்த்த வேண்டிய கணம் தவறும். அமெரிக்காவில் ஸ்டான்லி ராஸ்கோவும் அவர்தம் துணைவரும், வெளியுலகைப் பெரிஸ்கோப் வழியே மட்டும் கண்டு விமானத்தை இறக்கும் சோதனைகளைச் செய்தனர். உள்ளது உள்ளபடியே காட்டிய படமும் விமானிகளுக்குச் சிறியதாகவே தோன்றியது. ஏறத்தாழ 1¼ மடங்கு பெரிதாக்கிய பின்னரே அவர்கள் செம்மையாக இறக்கினர். சரியான படமே சிறிதாகத் தோன்றுமாயின், பாதியாகச் சுருங்கிய படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இரண்டாவது, எதிரி விமானம் கண்ணுக்குத் தப்பும். தேஜஸ் விமானத்தின் இறக்கை அகலம் 8.2 மீட்டர். 5 கி.மீ. தொலைவில் அது கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 5.6 கலை. (பாகையின் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை.) நல்ல கண் ஒரு கலை அளவு வரை பிரித்தறியும், எனவே மெய்யான வானில் அவ்விமானம் சிறு கோடாகத் தெரியும். 1920 புள்ளிகள் கொண்ட திரையில், சரியான 53 பாகைக் காட்சியில், அதற்குக் கிடைப்பவை 3 புள்ளிகள். 90 பாகைக் காட்சியிலோ ஒன்றரைப் புள்ளியே கிடைக்கும். அது மேகத்திடையே மறைவதில் வியப்பில்லை.

மூன்றாவது, ஓரங்களில் உருவம் சிதையும். தட்டையான திரையில் பரந்த கோணத்தைக் காட்டும்போது, நடுவிலிருந்து விலக விலகப் பொருள்கள் இழுபடுகின்றன. 45 பாகையில் அவை வெளிநோக்கி இரு மடங்கும், 60 பாகையில் நான்கு மடங்கும் நீள்கின்றன. உரிய தூரத்தில் கண் இருப்பின் இந்நீட்சி தானே ஈடாகிவிடும். இல்லையேல் உருளும் வட்டம் முட்டை வடிவாகத் தெரியும்.

புலம் குறுகினாலும் தீமை

அவ்வாறாயின் குறுகிய, சரியான புலமே போதுமெனலாமோ? போதாது. இதற்கு நமது மாவட்டங்களின் நிலவமைப்பே சான்று. பாலக்காட்டுக் கணவாயில் சமவெளி பரந்து கிடக்கிறது. மலைகள் விலகி நிற்கின்றன. 20 கி.மீ. தொலைவில் 1,500 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை, கண்மட்டத்திற்கு மேல் 4 பாகைக்குச் சற்று மிகுதியாகவே எழும். சிறு திரையிலும் அது அடங்கும். இடுக்கியின் பள்ளத்தாக்குகளில் நிலைமை வேறு. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,695 மீட்டர் ஆனைமுடி அங்குள்ளது. பள்ளத்தாக்கில் பறக்கும் விமானிக்கு 1½ கி.மீ. முன்னால், அவன் கண்மட்டத்திற்கு மேல் 800 மீட்டர் உயர்ந்த மலைமுகடு இருப்பதாகக் கொள்வோம். அதன் உச்சி 28 பாகை மேலே இருக்கும். 34 செ.மீ. உயரமுள்ள திரை 60 செ.மீ. தூரத்தில் மேல்நோக்கி 16 பாகையையே காட்டும். ஆகவே திரை முழுவதும் மலைச்சரிவே நிறைந்திருக்கும். தாண்ட வேண்டிய முகடு தெரியாது.

போர் விமானிக்கு இத்தேவை இன்னும் பெரிது. அவன் மேலும் பக்கமும் பின்னும் நோக்க வேண்டியவன். இதனாலேயே எஃப்-16 போன்ற விமானங்களுக்குக் குமிழி வடிவக் கண்ணாடி மூடி அமைக்கப்பட்டது. அதிலிருந்து மூக்கின்மேல் சுமார் 15 பாகையும், பக்கவாட்டில் சுமார் 40 பாகையும் கீழ்நோக்கிக் காணலாம். 2025 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றிய மிக்-21 விமானத்திலோ பின்புறப் பார்வை மிகக் குறைவு. முக்கோண இறக்கை விமானங்கள் மூக்கை நன்கு உயர்த்தியே இறங்குவன. அவற்றில் மூக்குக்குமேல் கீழ்நோக்கிய பார்வை இன்றியமையாதது. 1969-இல் முதன்முதல் பறந்த கான்கார்டு விமானத்தின் மூக்கை இறங்கும்போது தாழ்த்தும்படி அமைத்ததும் இதன் பொருட்டே. பாவனை விமானம் இவ்வேறுபாடுகளை அவ்வவ்விமானத்திற்கு ஏற்பவே காட்ட வேண்டும். மெய்யான விமானத்தில் சட்டம் மறைக்கும் இடத்தைத் திரையில் திறந்துவிடுதலும் பிழையே.

தீர்வுகள்

எட்வின் லிங்க் 1929-இல் அமைத்த முதற் பயிற்சிப் பொறியில் வெளிக்காட்சி இல்லை.  பின்னர் மலை, வயல், ஓடுதளம் ஆகியவற்றின் சிறு மாதிரிகளைத் தொலைக்காட்சிக் காமிரா வழியே காட்டினர். அதன்பின் கணினி வரையும் காட்சிகள் வந்தன.

பயணிகள் விமானத்தின் உயர்தரப் பாவனைப் பொறிகளில், ஒவ்வொரு விமானிக்கும் கிடையாக ஏறத்தாழ 180 பாகையும் குத்தாக 40 பாகையும் காட்டும் திரை வேண்டும் என்பது விதி. அவற்றில் பெரிய வளைந்த ஆடி ஒன்று, காட்சியிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை இணையாக்குகிறது. எனவே அருகிலுள்ள திரையின் காட்சி தொலைவிலிருந்து வருவதாகவே இரு கண்களும் கொள்கின்றன. போர் விமானங்களுக்கு விமானியைச் சுற்றிலும் சூழும் கோள வடிவத் திரை அமைக்கப்படுகிறது.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 200 பாகை அகலமும் 135 பாகை உயரமும் உள்ள புலத்தைக் கலைக்கு ஒரு புள்ளி வீதம் நிரப்ப 9.7 கோடிப் புள்ளிகள் வேண்டும். 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையில் இருப்பவை 83 இலட்சமே. ஆகவே அத்தகைய திரைகள் பன்னிரண்டு தேவைப்படும். கண் நோக்கும் இடத்தில் மட்டும் தெளிவை மிகுவித்து, ஏனைய இடங்களைச் சற்று மங்கவிடும் முறை இதனால் தோன்றியது. கண்ணின் இயல்பை அறிந்தே பொறியின் இயல்பு வகுக்கப்பட்டது.

பள்ளிக்கும் சிறு பயிற்சிக் கூடத்திற்கும் ஏற்ற வழி எளியது. மூன்று திரைகளைக் கண்ணைச் சுற்றி, ஒவ்வொன்றும் 60 செ.மீ. தூரத்தில், அடுத்ததற்கு 53 பாகை திரும்பியிருக்குமாறு நிறுத்தினால், 159 பாகைப் புலம் அளவு பிழையாமல் கிடைக்கும். தலையின் அசைவை உணர்ந்து காட்சியைத் திருப்பும் கருவி இருப்பின் ஒரே திரையும் பயன்படும். பரந்த புலத்தில் காட்சி அசைய, உடல் அசையாதிருப்பதால் சிலர்க்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் உண்டாகும். பயிற்சியைச் சிறுகச் சிறுக நீட்டுதல் நலம்.

மாணவர்க்குப் பயிற்சிகள்

1. பள்ளியின் கரும்பலகையை முதல் வரிசையிலிருந்தும் கடைசி வரிசையிலிருந்தும் நோக்குபவர்க்கு அது அமைக்கும் கோணங்களைக் கணக்கிடுக.

2. கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. இதைக்கொண்டு, உங்கள் ஊரில் தெரியும் மலையின் உயரக் கோணத்தை அளக்க. 60 செ.மீ. தூரத்திலுள்ள 34 செ.மீ. உயரத் திரையில் அம்மலை அடங்குமா?

3. 75 செ.மீ. தூரத்தில் 60 செ.மீ. அகலத் திரைமுன் அமர்ந்தவன் 90 பாகைக் காட்சியை அமைத்துக்கொண்டால், நடுவிலுள்ள பொருள் எத்தனை மடங்கு சுருங்கும்? (விடை: உரிய தூரம் 30 செ.மீ. ஆதலால் 2½ மடங்கு.)

பாவனை என்பது மெய்யைப் போல் காட்டுவதன்று. மெய்யின் அளவைக் காட்டுவதேயாகும். கவர்ச்சியான காட்சியினும் அளவு பிழையாத காட்சியே பயிற்சிக்கு உரியது. அளவுகோலையும் டேஞ்சண்டு அட்டவணையையும் கொண்டு அதனைச் சரிபார்த்தல் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் இயல்வதே.