கொட்டகைச் சுருட்கதவைக் காத்தல்

(வெப்பமும் ஈரமும் மிகுந்த சேக்காடு, ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளுக்கு ஏற்ற முறைகள்)

ஏரும் பரம்பும் மட்டுமே உழவுக் கருவிகளாயிருந்த காலத்தில் கொட்டகைக்கு ஒரு மூங்கிற்படல் போதுமானதாயிருந்தது. இக்காலத்திலோ டிராக்டர், பவர் டில்லர், எண்ணெய் எஞ்சின், விசைத் தெளிப்பான், விதை நெல், உர மூட்டை ஆகிய விலையுயர்ந்த பொருள்கள் யாவும் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் காவலாக நிற்பது இரும்புச் சுருட்கதவு, அதாவது ஷட்டர், ஒன்றே. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றும் நாளைக் குறித்து வைக்கும் விவசாயிகளுள்ளும், கதவைக் கவனிப்பவர் மிகச் சிலரே. கதவு மேலேறாமல் நின்றுவிடும் நாளில்தான் அதன் நினைவு வருகிறது. அந்நாளோ பெரும்பாலும் புரட்டாசி ஐப்பசியில், மழை சற்று விட்ட இடைவெளியில் சேற்றுழவு செய்ய வேண்டிய நாளாக அமைந்துவிடுகிறது. வண்டி உள்ளே, வயல் வெளியே என்ற நிலையில் பருவம் தவறிப்போகும். சிறிது செலவும் மாதம் அரைமணி நேர உழைப்பும் இந்நஷ்டத்தைத் தடுக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதவு கெடுவதற்குக் காரணம்

மழை நனைப்பதால் கதவு துருப்பிடிக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். இது முழு உண்மையன்று. மழையில் நனைந்து உடனே வெயிலில் உலரும் தகடு நெடுநாள் நிற்கும். இரும்பை அரிப்பது உலராமல் தங்கும் ஈரமே. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்குக்கு மேற்படும்போது துரு ஏறுவது விரைவடைகிறது. சென்னையைச் சுற்றிய ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அதிகாலை ஈரப்பதம் இவ்வளவைத் தாண்டியே நிற்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. சேக்காடு கடலுக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் உள்ளதாயினும், கடற்காற்று மாலைதோறும் இங்கு வந்தடைகிறது. சுற்றிலும் ஏரிகளும் தாழ்ந்த நிலங்களும் உள்ளன.

இன்னுமொன்று கவனிக்கத் தக்கது. தெளிந்த இரவில் தகடு விரைவாகக் குளிர்கிறது. கொட்டகையின் உள்ளே மண்தரை, வைக்கோல், நனைந்த டிராக்டர், சரியாக உலராத தானியம் ஆகியவற்றிலிருந்து எழும் நீராவி அக்குளிர்ந்த தகட்டின் உட்புறத்தில் வேர்வைபோலத் துளிர்த்து, கீழே வழிந்து, கதவின் அடிச்சட்டத்தில் தங்குகிறது. ஆகையால்தான் வெளிப்புறம் பளபளப்பாயுள்ள கதவு உட்புறத்தில், அதிலும் அடியிலுள்ள இரண்டடி உயரத்தில், முதலில் இற்றுப்போகிறது. கதவைச் சோதிப்போர் கொட்டகைக்குள் நின்று, குனிந்து, அடியிலிருந்து சோதிக்கத் தொடங்க வேண்டும்.

உர மூட்டைகளால் நேரும் கேடு

விவசாயிகளின் கொட்டகைக் கதவுக்கு நகரத்து வீட்டுக் கதவுக்கில்லாத பகை ஒன்றுண்டு. அது உரம். பொட்டாஷ் உரத்தில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடு ஆகும். கடலுப்பைப்போன்றே இதுவும் குளோரைடு வகை உப்பாதலால், இரும்பைக் கடலோரக் காற்று அரிப்பதுபோலவே அரிக்கும். அம்மோனியம் சல்பேட்டு ஈரம் பட்டால் புளிப்புத் தன்மை காட்டும். யூரியா ஈரத்தை உறிஞ்சிக் கசியும். மூட்டைகளை இறக்கிய இடத்திலேயே, கதவை ஒட்டி, அடுக்கி வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வாறு செய்தால், கடலுக்கு 20 கிலோமீட்டர் தள்ளியிருந்தும் கதவுக்குக் கடற்கரை வாசமே வாய்க்கிறது. ஆகையால்,

1. உர மூட்டைகள் கதவிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, மரச்சட்டங்களின்மேல் அடுக்கப்பட வேண்டும்.

2. சிந்திய உரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், முதலில் உலர்ந்த நிலையில் பெருக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து கதவின் அடிக்கும் பக்கச் சட்டங்களுக்கும் ஓடும்.

3. தெளிப்பானைக் கதவருகில் வைத்துக் கழுவலாகாது.

தரையும் காற்றோட்டமும்

கதவு இறங்கி நிற்கும் படி, உட்தரையைவிடத் தாழ்ந்திருக்கலாகாது. வாயிலின் வெளிப்புறத் தரை 4 அடிக்கு 1 அங்குலம் வீதம் வெளிநோக்கிச் சரிந்திருக்குமாயின் நீர் தேங்காது. பக்கச் சட்டங்களின் அடிமுனை சிமெண்டுத் தரையில் புதைந்திருந்தால், அங்கே நீர் வடிய ஒரு சிறு துவாரம் விடுவது அவசியம். சுவரின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் கம்பிவலையிட்ட காற்றுத் துவாரங்கள் இருத்தல் வேண்டும். கதவின் அடியில் கால் அங்குல இடைவெளி இருந்தாலும் சுண்டெலி நுழையும். ஆகையால் அடிச்சட்டத்தில் ரப்பர் பட்டை பொருத்துவது நன்று. ஆனால் அப்பட்டைக்கும் இரும்புக்குமிடையே ஈரம் தங்குவதால், ஆண்டுக்கொருமுறை அதைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும்.

எண்ணெய் இடும் முறை

கதவு இறுக்கமாக ஓடுகிறது என்றவுடன் பக்கச் சட்டங்களின் உட்பள்ளத்தில் கிரீஸை அப்புவது பெரும்பாலோர் வழக்கம். இது தீங்கானது. கிரீஸில் புழுதியும் உமித்தூளும் ஒட்டிச் சாணைக்கல்லைப்போலத் தகட்டைத் தேய்த்துவிடும். பழைய எஞ்சின் எண்ணெயும் அழுக்கையே சேர்க்கும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் முதலியவை நாளடைவில் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் அழுக்கை நீக்கப் பயன்படுமேயன்றி வழுவழுப்பைத் தராது.

சரியான முறை யாதெனில்: பள்ளத்தைக் காய்ந்த பிரஷினால் பெருக்கி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பின் மெழுகுவத்தியைப் பள்ளத்தின் இருபக்கமும் தேய்த்துவிட வேண்டும். மெழுகில் புழுதி ஒட்டாது. பூட்டு, தாழ்ப்பாள் ஆகியவற்றுக்கு மெல்லிய மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று துளி போதும். மிகுந்ததைத் துடைத்துவிட வேண்டும். மேலுள்ள உருளையின் தாங்கிகளுக்கு மட்டும் கிரீஸ் உரியது.

கோடையில் மட்டும் கதவு இறுகுமானால் அதற்குக் காரணம் வேறு. இரும்பு வெப்பத்தால் நீள்வது. 12 அடி நீளமுள்ள தகட்டுப் பட்டை, விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்குமிடையே 40 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் நீளும். பக்கச் சட்டங்களில் இதற்கு இடம் விடாமல் பொருத்திய கதவு சித்திரை வைகாசியில் பிடித்துக்கொள்ளும். அப்போது பலவந்தமாக இழுக்காமல், மெக்கானிக்கைக் கொண்டு சட்டங்களைச் சற்று விலக்கி அமைப்பதே தக்கது.

வர்ணம் பூசுதல்

வர்ணம் பூசுவதற்குச் சிறந்த காலம் மாசியும் பங்குனி முற்பகுதியும் ஆகும். அக்காலத்தில் மழை மிகக் குறைவு; வெயிலும் கடுமையாயிராது. பனி நன்றாக உலர்ந்த பின்னர்த் தொடங்கி, தகடு சுடுவதற்குமுன் முடித்துவிட வேண்டும். சுடுகின்ற தகட்டில் பூசிய வர்ணம் கொப்புளிக்கும். பனி ஈரத்தின்மேல் பூசியது தோலாக உரியும்.

துருவின்மேல் வர்ணம் பூசுவது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவதற்கு ஒப்பாகும். கம்பிப் பிரஷினாலும் உப்புத்தாளினாலும் துருவை நீக்கி, சுத்தமான நீரால் கழுவி உப்பைப் போக்கி, உலர்த்தி, அன்றைய தினமே ரெட் ஆக்சைடு முதற்பூச்சு ஒன்றும், அது காய்ந்தபின் எனாமல் பூச்சு இரண்டும் இட வேண்டும். துத்தநாகம் பூசிய புதுத் தகட்டுக்கு இம்முறை ஆகாது. அதில் எனாமலை நேரே பூசினால் விரைவில் உரிந்துவிடும்; அதற்கென்றே விற்கப்படும் முதற்பூச்சை வாங்கிப் பூச வேண்டும். அத்தகட்டைக் கம்பிப் பிரஷினால் சுரண்டுவதும் தவறு; துத்தநாகமே அதன் கவசம்.

ஸ்பிரிங்கு: உயிருக்கு ஆபத்து

12 அடி அகலமும் 10 அடி உயரமுமுள்ள சுருட்கதவு நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதை ஓர் ஆள் தூக்க முடிவது மேலுருளைக்குள் முறுக்கி வைக்கப்பட்ட ஸ்பிரிங்கின் பலத்தாலேயே. அது நலமாயுள்ளதா என்பதை எளிதிற் சோதிக்கலாம். கதவை இடுப்பளவு உயர்த்தி, அதன்கீழ்க் காலோ கையோ இல்லாதவாறு விலகி நின்று, மெல்லக் கையை எடுக்க வேண்டும். கதவு அங்கேயே நின்றால் நலம். தானே விழுந்தால் ஸ்பிரிங்கு தளர்ந்தோ முறிந்தோ உள்ளது. தானே மேலே பாய்ந்தால் முறுக்கு மிகுதி.

குறை கண்டால் விவசாயி செய்யத்தக்கது ஒன்றே: கதவைப் பயன்படுத்தாது நிறுத்தி, ஷட்டர் வேலை தெரிந்தவரை அழைத்தல். முறுக்கிய ஸ்பிரிங்கின் ஆணியைத் தாமே கழற்றுவோர் கையையோ கண்ணையோ இழக்க நேரிடும். பழுதான கதவைக் கழி கொடுத்து நிறுத்தி, அதன்கீழ் மூட்டை சுமப்பதும் பிள்ளைகளை விளையாட விடுவதும் கூடவே கூடா. ஆவடியில் 1961ஆம் ஆண்டில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆகவே இரும்பு வேலையில் பழகிய கைகளுக்கு இப்பக்கத்தில் பஞ்சமில்லை.

புயலும் வெள்ளமும்

2016 டிசம்பர் 12ஆம் தேதி சென்னையருகே கரை கடந்த வர்தா புயலை இப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, மேற்சொன்ன அளவுள்ள கதவின்மேல் 600 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைச் செலுத்த வல்லது. அப்போது தகட்டுப் பட்டைகள் வளைந்து பக்கச் சட்டத்தினின்றும் கழன்றுவிடும். காற்று உள்ளே புகுந்து கூரையையும் தூக்கிவிடும். இதற்குப் பரிகாரமாக, வாயிலின் உட்புறத் தரையில் இரண்டு குழிகள் அமைத்து, புயல் எச்சரிக்கை வந்தவுடன் அவற்றில் இரும்புக் குழாய்களை நாட்டி, மேலே உத்தரத்தோடு பிணைத்து, கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

2015, 2023 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் மழையிற்போல் வெள்ளம் கொட்டகைக்குள் புகுமாயின், வடிந்தவுடன் கதவை இழுக்கலாகாது. பக்கச் சட்டங்களிலுள்ள சேற்றை முதலில் நீக்கி, நல்ல நீரால் கழுவி, உலர்ந்தபின் மெழுகிட்டே உயர்த்த வேண்டும். மின்மோட்டார் பொருத்திய கதவாயின், மின்தொழிலாளி பார்க்கும் வரையில் இணைப்பைத் துண்டித்துக் கைச்சங்கிலியால் இயக்குக.

பருவ அட்டவணை

மாதந்தோறும்: பள்ளத்தைத் துடைத்து மெழுகிடுதல், இடுப்பளவுச் சோதனை.

மாசி, பங்குனி: துரு நீக்கி வர்ணம் பூசுதல்.

சித்திரை, வைகாசி: வெப்பத்தால் இறுகுகிறதா எனப் பார்த்தல்.

ஆவணி: ஸ்பிரிங்கு, பூட்டு, முட்டுக் குழாய், நீர் வடியும் துவாரம் ஆகியவற்றைச் சரிபார்த்து, மழைக்குமுன் பழுது நீக்குதல்.

தை: மழைக்காலத்தில் தோன்றிய துருப்புள்ளிகளைச் சுரண்டி முதற்பூச்சிடுதல்.

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளையும் பொதுக் கொட்டகைகளையும் மேற்பார்வையிடும் கிராம அதிகாரிகள், இருப்புக் கணக்கைச் சோதிக்கும் நாளிலேயே கதவின் அடிப்பாகத்தையும் சோதித்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைப்பார்களாயின், ஊர் விவசாயிகளின் விதையும் உரமும் காக்கப்படும். நிலமுடையோரும் வருகிற ஆவணிக்குள் தத்தம் கொட்டகைக் கதவுகளை இம்முறையில் சோதித்துப் பார்த்துப் பயனடைவார்களாக.