சம்பளம் ஓரூர், செலவு ஓரூர்

சீன தேசத்தில் உழவையும் பெற்றோரையும் ஊரில் விட்டுவிட்டு வெளியூர்களுக்கு வேலை தேடிச் சென்ற கிராமவாசிகள், 2023-ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கின்படி, 17 கோடிக்கும் அதிகம். இவர்கள் இயல்பிலேயே செட்டுக்காரர்கள், மடியை அவிழ்க்க மனம் வராதவர்கள் என்பது பட்டணத்தாரிடையே வழங்கிவரும் அபிப்பிராயம். ஷென்சென், டோங்குவான் முதலிய தொழில் நகரங்களில், ஆலைக்காரர் அளித்த விடுதியில் ஆறெட்டுப் பேரோடு ஓர் அறையில் படுத்து, ஆலைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே உண்டு, சம்பளத்தில் பெரும் பங்கை வீட்டுக்கு அனுப்பிவிடும் இளைஞனைக் காண்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அதே இளைஞன் ஹூனானிலோ சிச்சுவானிலோ உள்ள தன் கிராமத்தில், வருஷத்துக்கு ஒருமுறை வசந்த விழாவுக்குப் போய்த் தங்கும் சில நாட்களுக்காக, கிழவர் இருவரும் ஒரு குழந்தையும் மட்டுமே நடமாடும் மாடி வீட்டை எழுப்பி, கல்யாணத்துக்கும் விருந்துக்கும் தாராளமாக இறைப்பதை அவர்கள் கண்டிருந்தால், சுபாவத்தின்மேல் பழி போட்டிருக்கமாட்டார்கள்.

குடும்பத்தை அழைத்துக்கொண்டால் செலவு தலைக்கணக்கில் பெருகும் என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதி மெய். மனைவியும் பிள்ளையும் வந்த மாதமே, பட்டணம் விழுங்கிய பழைய கிராமங்களின் நெருக்கடியான சந்துகளில் ஓர் அறை பிடிக்க வேண்டும். அறை வந்தால் அடுப்பு வரும், அடுப்பின் பின்னே குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், பள்ளிச் சம்பளம் எல்லாம் வரும். ஆயினும் ஊருக்கு அனுப்பும் பணம் சுருங்குகிறது, ஓர் உலையில் மூவருக்கும் சோறாகிறது, மனைவியும் பெரும்பாலும் வேலைக்குப் போகிறாள். தொகை கூடிற்றா என்பதைக் காட்டிலும், பணம் எந்த ஊர்க் கடையில் இறங்குகிறது என்பதே கவனிக்கத்தக்க மாறுதல்.

இனி இவன் பட்டணத்தானைப் போலவே செலவழிப்பான் என்று எண்ணுவதோ, என் மதிப்பில், இவற்றினும் பெரிய மயக்கம். 1958-இல் சட்டமான ‘ஹூகோ’ என்னும் குடும்பப் பதிவு முறை, ஒருவர் எங்கே உழைத்தாலும் அவருடைய உரிமைகளைப் பதிந்த ஊரோடு கட்டிவைத்தது. 2014-இல் அறிவித்த சீர்திருத்தம் சிறு நகரங்களின் வாசலைத் திறந்ததேயன்றி, பெய்ஜிங், ஷாங்காய் போன்ற மாநகரங்களில் பட்டணப் பதிவு பெறுவது இன்றும் துர்லபமே. வியாதிக்கும் முதுமைக்கும் நிச்சயமான ஆதரவு இல்லாதவன், மனைவி மக்கள் பக்கத்திலிருந்தும், ஒரு கையைப் பணப்பையின்மேல் வைத்தபடியேதான் கடைக்குள் நுழைகிறான். மேலும், பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்திலேயே எழுத வேண்டியிருப்பதால், பிள்ளை பதினான்கு பதினைந்து வயதை எட்டியதும் தாய் அவனை அழைத்துக்கொண்டு ஊர் திரும்புவதுண்டு. அன்ஹுய் மாகாணத்து மாவோதான்சாங் போன்ற பள்ளியூர்களில், பிள்ளைக்குச் சமைத்துப் போடுவதற்கென்றே தாய்மார் வாடகை அறைகளில் குடியிருக்கிறார்கள். தொழில் நகரத்து அறையைக் காலி செய்துவிட்டு, அடுப்பையும் குளிர்ப்பெட்டியையும் வந்த விலைக்கு விற்ற தகப்பன், பழைய விடுதியில் ஒரு கட்டில் கிடைக்குமா என்று விசாரிக்கிறான்.